100 எம்பிபிஎஸ் திட்டத்தில் வீட்டுக்கு எவ்வளவு வருகிறது? டெல்டா ஊர்களில் பிராட்பேண்ட் பயன்பாட்டு அனுபவம்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் வட்டாரத்தில் ஃபைபர் இணைப்பு வாங்குவது இன்று கஷ்டமில்லை. பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் இருக்கின்றன. முன்பு கேபிள் டிவி நடத்தியவர்களே உள்ளூரில் நெட்டும் தருகிறார்கள். எல்லா விளம்பரத்திலும் ஒரு பெரிய எண்ணும், அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘வரை’ என்ற சொல்லும் இருக்கும். ஆண்டு முழுக்கப் பயன்படுத்தி, கம்பி வழியாக அளந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவது இதுதான்: பகலில் சொன்ன வேகம் பெரும்பாலும் வீட்டில் மாட்டியிருக்கும் பெட்டி (மோடம்) வரைக்கும் வந்துவிடுகிறது. குறைவது வீட்டுக்குள் வைஃபையிலும், இரவு நேரத்தில் உள்ளூர் ஆபரேட்டர் தன் வலைக்காக வெளியிலிருந்து வாங்கும் மேல் இணைப்பிலும்தான். பில் எந்த கம்பெனி பேரில் வந்தாலும், உங்கள் தெருவுக்கு லைன் இழுத்தவர் எப்படிப்பட்டவர் என்பதை வைத்தே அனுபவம் அமைகிறது.

முதலில் கணக்கு. 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் டவுன்லோடு காட்டும் திரையில் அதிகபட்சம் 12.5 மெகாபைட் வரும். 1 ஜிபி கோப்பு இறங்க 80 நொடிக்குக் குறையாது. “நூறுக்குப் பணம் கட்டுகிறேன், பன்னிரண்டுதான் வருகிறது” என்று கோபப்படுபவர்களில் பாதிப் பேருக்குச் சரியான வேகமே வந்துகொண்டிருக்கும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-ல் வகுத்த பிராட்பேண்ட் தர விதிகளில், வழங்குநரின் கணுவிலிருந்து (அவருடைய வலையின் இணைப்பு முனை) பயனர் வரை, சந்தா கட்டிய வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும் என்று இருந்தது. 2024-ல் விதிகள் புதுப்பிக்கப்பட்டன என்றாலும், வீட்டில் அளப்பவருக்கு அந்த 80 இன்னமும் நல்ல கோடு. ‘கணுவிலிருந்து பயனர் வரை’ என்ற சொற்களைக் கவனியுங்கள். அதற்கு அப்பால் இணையம் எப்படி ஓடுகிறது என்பது அந்தக் கணக்கில் வராது. ஸ்பீடு டெஸ்டில் 98 காட்டும் அதே நேரத்தில் அலுவலக வேலை தள்ளாடுவது இதனால்தான்.

அளப்பதற்கு முன் கைபேசியை ஓரமாக வையுங்கள். லேன் கேபிளைப் பெட்டியிலிருந்து நேராக லேப்டாப்பில் செருகி, வைஃபையை அணைத்து, டிவியையும் மற்ற போன்களையும் நிறுத்திவிட்டு டெஸ்ட் போட வேண்டும். காலை ஆறு மணி, மதியம் இரண்டு, இரவு ஒன்பதரை என மூன்று வேளை, தொடர்ந்து ஏழு நாள். ஸ்பீடு டெஸ்ட் தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பெரும்பாலும் உங்கள் வழங்குநரின் வலைக்குள்ளேயே இருக்கும். அது கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது போல. ஆற்றில் வருகிறதா என்பது வேறு. சர்வரை மாற்றி, சென்னையில் வேறு ஒரு நிறுவனத்தின் சர்வர், பிறகு மும்பை, பிறகு சிங்கப்பூர் என்று பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் தளம் அவர்களுடைய சொந்த சர்வரிலிருந்து அளக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது எண்களைப் படிப்போம். 100 திட்டத்தில் கம்பியில் 90 முதல் 95 வந்தால் குறையே இல்லை. நூறு மெகாபிட் போர்ட் வழியாக 95-க்கு மேல் போக வழியும் இல்லை. ஆனால் 200 அல்லது 300 திட்டம் வாங்கியும் சொல்லிவைத்தாற்போல் 94-லேயே நிற்கிறதா? வழங்குநரைத் திட்டாதீர்கள். பல பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட், மற்றவை 100. முதல் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் 94 என்றால் கேபிளைச் சந்தேகிக்கலாம். லேன் கேபிளில் எட்டு இழைகள் உண்டு. நூறு மெகாபிட்டுக்கு நான்கு போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரே ஒரு இழை கிளிப்பில் சரியாகக் கடிபடாவிட்டாலும் இணைப்பு சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். கடையில் மலிவாகத் தரும், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள்களில் இது அடிக்கடி நடக்கும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள்.

வைஃபைதான் டெல்டா வீடுகளின் பெரிய சிக்கல். கும்பகோணம், மன்னார்குடி பக்கத்துப் பழைய வீடுகளை எண்ணிப் பாருங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, கொல்லை என்று தெருவிலிருந்து பின்வாசல் வரை நீண்டுகிடக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்றரை அடிச் சுவர். லைன்மேன் கம்பியைத் திண்ணைப் பக்கம் இறக்கி, ரேழியில் ஆணியடித்துப் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டாவது சுவரிலேயே சோர்ந்துபோகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொல்லை வரை போகும், ஆனால் நெரிசலான தெருவில் 30, 40 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டினால் அதிசயம். பெட்டியின் அட்டையில் 300 என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். அது அலையின் கணக்கு, கைக்கு வருவதல்ல.

இதற்கு ரிப்பீட்டர் வாங்கிச் செருகுவது பணத்துக்குக் கேடு. வாங்கிய அலையையே திரும்ப அனுப்புவதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். சரியான வழி, ரேழியிலிருந்து கூடத்துக்கு இருபது, இருபத்தைந்து மீட்டர் கேட்-6 கேபிள் இழுத்து இரண்டாவது ரூட்டர் ஒன்றை வைப்பது. அந்த ரூட்டருக்கு 192.168.1.2 போன்ற தனி முகவரி கொடுங்கள். அதில் முகவரி பங்கிடும் டிஎச்சிபி வசதியை அணையுங்கள். கேபிளை அதன் வேன் போர்ட்டில் (வெளி இணைப்புக்கான துளை) செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல். 2.4-ல் சேனல் 1, 6, 11 இவற்றில் பக்கத்து வீட்டுக்காரர் பயன்படுத்தாததை வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் செய்துவிட்டு வேகம் பற்றி வழங்குநரிடம் பேசினால் அவரால் மறுக்க முடியாது.

அடுத்தது கம்பத்தில் நடப்பது. பிரவுசரில் 192.168.1.1 போட்டு (பயனர் பெயர் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்) உள்ளே போனால், ஆப்டிகல் அல்லது பான் என்ற பக்கத்தில் ‘ஆர்எக்ஸ் பவர்’ என்று ஒரு எண் இருக்கும். உங்கள் பெட்டிக்கு வந்துசேரும் ஒளியின் அளவு அது. ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஜிபான் இணைப்பில் −8-க்கும் −27 டிபிஎம்முக்கும் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) இடையில் பெட்டி வேலை செய்யும். −15 முதல் −24 வரை நிம்மதியான இடம். இந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டால் லைன்மேனிடம் பேசுவது சுலபம். ஆபரேட்டர் முனையிலிருந்து ஒளி ஏறக்குறைய +3-ல் கிளம்புகிறது. தெருமுனையில் ஒன்றை எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் பத்தரை டெசிபல் தின்கிறது. அடுத்த கம்பத்தில் இன்னொரு எட்டு, இன்னொரு பத்தரை. மூன்று கிலோமீட்டர் ஃபைபருக்கு ஒன்று, கனெக்டர்களுக்கு ஒன்று. மிச்சம் −20. ஆக −20 காட்டினால் லைன் ஆரோக்கியமாக இருக்கிறது. −26 காட்டினால் எங்கோ ஒரு ஜாயிண்ட் ஆறு டெசிபல் தின்றுகொண்டிருக்கிறது. மூன்று டெசிபல் என்றாலே ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள்.

ஒளி குறைவதால் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எல்லை வரைக்கும் முழு வேகம் வரும்; எல்லையைத் தொட்டதும் பிழை கூடும், விட்டு விட்டுத் துண்டிக்கும், சிவப்பு விளக்கு சிமிட்டும். மழை பெய்தால் மட்டும் போய்விடும் இணைப்பு பெரும்பாலும் இந்த ரகம். கம்பத்துப் பெட்டியைத் திறந்தால் காரணம் கண்ணில் படும். இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயிண்ட், மூடி சரியாகப் பொருந்தாத பெட்டி, உள்ளே எறும்புப் புற்று, ஈரம். பச்சைக் கனெக்டரின் முனை எட்டு டிகிரி சாய்வாக வெட்டப்பட்டது, நீலம் சாய்வில்லாதது. பச்சையோடு நீலத்தைச் சேர்த்துச் செருகினால் இரண்டும் சரியாகப் பொருந்தாமல் ஒளி வீணாகும். அவசரத்துக்கு அப்படிச் செருகிவிட்டுப் போவது நடக்கிறது, நிறம் பார்த்தே கண்டுபிடிக்கலாம். “பவர் எல்லாம் ஓகேதான் சார், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்று வருபவரிடம், “தம்பி, ஆர்எக்ஸ் மைனஸ் இருபத்தாறு காட்டுது, போன மாசம் இருபதுதான். பாக்ஸ்ல ஜாயிண்ட்டப் பாத்துடுங்க” என்று சொன்னால் வேலையே வேறு மாதிரி நடக்கும். இணைப்பு கொடுத்த அன்றைக்கே அந்த எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

இந்த வட்டாரத்துக்கென்று சில பருவங்கள் உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல் ஏற்றிய லாரிகள் ஊருக்குள் வரும். தாழ்வாகத் தொங்கும் கேபிளை அவை இழுத்துக்கொண்டு போகும். ஒரே நாளில் தெரு முழுக்க சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் சாலைக் குறுக்கே உள்ள கம்பியைப் பாருங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை மட்டை விழும், அணில் கடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையைச் சொல்லவே வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மின்கம்பங்களோடு கேபிளும் சாய்ந்தது. கம்பத்தில் தொங்கும் ஃபைபருக்கு மின்கம்பம்தான் ஆயுள். மண்ணுக்கடியில் இழுத்திருக்கிறாரா, கம்பத்தில் தொங்கவிட்டிருக்கிறாரா என்று ஆபரேட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் இன்னொரு விஷயம் தெரியவரும். பெட்டிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போட்டிருந்தால் உங்கள் பக்கம் ஓடும். ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். அப்படியும் நெட் போகிறது என்றால் ஆபரேட்டர் முனையில் பேட்டரி இல்லை, அல்லது நடுவில் எங்கோ மின்சாரத்தில் ஓடும் நெட்வொர்க் சுவிட்ச் வைத்து ஓட்டுகிறார். இரண்டாவது வகை லைன் எப்போதும் தொல்லைதான்.

இரவு ஏழரையிலிருந்து பதினொன்று வரை வரும் சோர்வு வேறு கதை. ஆபரேட்டர் முனையில் உள்ள ஜிபான் போர்ட் ஒன்றின் கொள்ளளவு 2.488 ஜிபிபிஎஸ். 64 வீடுகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ்தான் என்றாலும், எல்லாரும் ஒரே நொடியில் முழுதாக இழுப்பதில்லை என்பதால் அது போதும். நெருக்கடி அதற்கு மேலே. 400 இணைப்பு வைத்திருக்கும் ஒருவர் 1 ஜிபிபிஎஸ் மேல் இணைப்பு மட்டும் வாங்கியிருந்தால், எல்லாரும் சேர்ந்தால் வீட்டுக்கு இரண்டரை எம்பிபிஎஸ்தான். கிரிக்கெட் இறுதிப் போட்டி நாளில் இது வெட்ட வெளிச்சமாகும். அப்போதும் யூடியூப் மட்டும் தடையின்றி ஓடலாம். அந்த வீடியோக்களின் பிரதி வழங்குநரின் வலைக்குள்ளேயே இருக்கும், மேல் இணைப்பைத் தொடாது. ஆகவே யூடியூபை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தகவல் கடந்துபோகும் ஒவ்வொரு கணுவிலும் எவ்வளவு தாமதம் என்று காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையைக் காலையிலும் இரவிலும் கணினியில் ஓட்டிப் பாருங்கள். காலையில் 3 மில்லி நொடி காட்டிய ஆபரேட்டரின் முதல் கணு இரவில் 80 காட்டி, அதற்குப் பின் வரும் கணுக்களிலும் அதே தாமதம் தொடர்ந்தால் நெரிசல் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. முதல் கணு சரியாக இருந்து நாலாவது, ஐந்தாவதிலிருந்து எகிறினால் மேலே. இந்தப் படங்களை இணைத்துப் புகார் கொடுத்தால் ‘உங்க வைஃபைதான் பிரச்சினை’ என்ற பதில் எடுபடாது.

அளவில்லா டேட்டா என்பதற்கும் அளவு உண்டு. பல ஃபைபர் திட்டங்களில் மாதம் 3300 ஜிபி, அதாவது நாளுக்கு 110. 4கே படம் மணிக்குச் சுமார் 7 ஜிபி என்றால் சாதாரணக் குடும்பம் அதைத் தொடாது. கம்பியில்லாமல் டவரிலிருந்து வரும் ஏர்ஃபைபரில் எல்லை 1000 ஜிபி. ஃபைபர் வராத வயல்வெளி வீடுகளுக்கு அது கைகொடுக்கிறது, ஆனால் டவர் நெரிசல் அதையும் இரவில் பிடித்துக்கொள்ளும்.

புகாரை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். பதிவு எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள், இந்த இரண்டு படிகளும் 2012 டிராய் விதியில் உள்ளவை. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மூன்று வேளை அளவுகள், ஆர்எக்ஸ் பவர் படங்கள், புகார் எண்கள் இவை கையில் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே பேசலாம்.

புதிதாக இணைப்பு வாங்குபவர்கள் ஆண்டுச் சந்தாவில் இரண்டு மாதம் இலவசம் என்றதும் உடனே கட்டிவிட வேண்டாம். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை, நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறை கம்பியில் அளந்து பாருங்கள். இரண்டிலும் 100-க்கு 80 தாண்டினால் அடுத்த பதினொரு மாதத்துக்கான பணத்தைத் தாராளமாகக் கட்டலாம்.