30-இல் நின்ற முள்ளை நம்பி 38,700 ரூபாய் போச்சு: சோடாவைக் கெக்குக்கு மாற்ற நினைப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

கோலி பாட்டிலை விட்டுக் கெக்குக்கு, அதாவது சோடாவைக் கேஸ் அழுத்தத்தில் அடைத்துக் குழாயில் பிடிக்கிற எவர்சில்வர் பாத்திரத்துக்கு, மாறுவது எப்படி என்று சாவகாசமாக எழுதித் தருவதாகச் சோடா போடுகிற சிலரிடம் சொல்லியிருந்தேன். அதை எழுதும் நிலையில் இப்போது நான் இல்லை. 38,700 ரூபாய் கையை விட்டுப் போய் இன்றோடு பதினோரு நாள். ராமநாதபுரம் பக்கம் இன்னொருத்தர் எனக்குக் கெக் விற்று ஏமாற்றிய ஆளிடம் மாட்டக்கூடாது, அதற்குத்தான் இந்தப் பதிவு.

ஏன் மாறணும் என்று கேட்பவர்களுக்கு ஒரே கணக்கு. 19 லிட்டர் கெக்கில் மேலே கொஞ்சம் இடம் விட்டு 18 லிட்டர் அடைக்கலாம். 200 மில்லி வீதம் 90 கோலி சோடா. 90 பாட்டிலைக் கழுவி, கழுத்து ரப்பர் பார்த்து, கவிழ்த்துக் கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) அடித்து, கிரேட்டில் அடுக்கி சேதுக்கரைக்கும் தேவிபட்டினத்துக்கும் ஏற்றிப்போய், காலி பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டு வருவதற்குப் பதில் ஒரு பாத்திரம், ஒரு குழாய். ஆடி அமாவாசைக் கூட்டத்தை இதை வைத்துச் சமாளிக்கலாம் என்பதுதான் திட்டம். வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் பாட்டில் கழுவி அலுத்துப்போய் மாறுவதும் இதே கெக்குக்குத்தான். அந்தக் கெக்கே முதலில் கூல்டிரிங்க்ஸ் கம்பெனிகளுக்காகச் செய்தது. பீர்க்காரர்கள் பிறகுதான் பிடித்துக்கொண்டார்கள். அதனால் நமக்கு ஒன்றும் புதுசு இல்லை.

ஓட்டல் சாமான், பேக்கரி சாமான் விற்கிற ஒரு ஆன்லைன் சந்தையில் 'புது கெக், முழு செட்' என்று விளம்பரம். நாலு கெக் 26,000. சிலிண்டர் கேஸின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் 4,200. கெக்கில் மாட்டுகிற பிளாஸ்டிக் கப்ளர் நாலு ஜோடி 4,000. டியூப், குழாய் 3,000. லாரி வாடகை 1,500. மொத்தம் 38,700. விற்கிறவன் இதற்கு மேல் இரண்டாயிரம் சொல்லியிருந்தான். "ஆப்ல கட்டுனா கமிஷன் புடிப்பாங்க சார், நேரா யுபிஐ பண்ணிடுங்க, ரெண்டாயிரம் கொறச்சுக்கிறேன்" என்றான். குறைத்தான்.

அப்போதும் தயங்கினேன். "லீக் டெஸ்ட் பண்ணி அனுப்பு தம்பி, பார்த்துட்டுப் போடுறேன்" என்றேன். அரை மணி நேரத்தில் வீடியோ வந்தது. பளபளவென்று கெக், மேலே ரெகுலேட்டர், கேஜ் முள் 30-இல் நிற்கிறது. பத்து நிமிடம் எடுத்திருந்தான். முள் அசையவே இல்லை. அதைப் பார்த்துத்தான் பணம் போட்டேன்.

எங்கே ஏமாந்தேன் என்று சொல்கிறேன், தொழில் தெரிந்தவனுக்கே வெட்கமான விஷயம். சிலிண்டர் வால்வு திறந்திருந்தால் முள் எப்படி இறங்கும்? கெக் எத்தனை ஓட்டையாக இருந்தாலும் போகிற கேஸை ரெகுலேட்டர் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். சரியான சோதனை இப்படி: காலி கெக்கில் 30 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) ஏற்றி, சிலிண்டர் வால்வைப் பூட்டிவிட்டு, ரெகுலேட்டரில் சிலிண்டர் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்க்க வேண்டும். அது இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. கெக்கில் தண்ணீர் இருந்தால் இந்தச் சோதனை செல்லாது, தண்ணீரே கேஸை உறிஞ்சி முள்ளை இறக்கிவிடும். வீடியோவில் சிலிண்டர் தலை தெரிகிற மாதிரி ஒரு இடம்கூட இல்லை. முள்ளைப் பார்த்த கண் வால்வைத் தேடவில்லை.

சரக்கு ராமநாதபுரம் லாரி ஆபீஸுக்கு வந்தது. பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது ரெகுலேட்டர். வெளிப்பக்க கேஜில் எண்ணுக்குக் கீழே பிஎஸ்ஐ இல்லை. 'லிட்டர், நிமிடத்துக்கு' என்று போட்டிருக்கிறது. வெல்டிங் பட்டறையில் போடுகிற ரெகுலேட்டர்! அது கேஸ் ஓடுகிற வேகத்தைக் காட்டுமே தவிர, பாத்திரத்துக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறியிருக்கிறது என்று காட்டாது. இதை மாட்டிவிட்டு "30 வைத்திருக்கிறேன்" என்று நினைத்துக்கொண்டிருந்தால் உள்ளே எவ்வளவு ஏறும் என்று யாருக்கும் தெரியாது. வீடியோவில் காட்டிய 30-உம் இந்த 30-தான்.

அடுத்து கெக். 'புதுசு' என்ற ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். கீழே பழைய கம்பெனி முத்திரை, பாலிஷ் சக்கரம் பிடித்துப் பாதி அழிந்திருக்கிறது. மூடியைத் திறந்தால் பழைய கோலா சிரப் வாசனை. ஒரு கெக்குக்கு ஐந்து ஓரிங் (கேஸ் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்): மூடிக்கு ஒன்று, கேஸ் உள்ளே போகவும் சோடா வெளியே வரவும் மேலே இருக்கிற இரண்டு போஸ்டுக்கும் வெளியே ஒவ்வொன்று, உள்ளே டியூப் கழுத்தில் ஒவ்வொன்று. ஐந்தும் பழசு. மூடி ஓரிங்கை எடுத்து வளைத்தால் வெள்ளையாக வெடிப்பு விடுகிறது. ரப்பர் வாசனையைக் குடித்துவிடும், எத்தனை கழுவினாலும் சோடாவில் கோலா வாடை வரும். ஒரு கெக்கில் டியூப் மாறியிருந்தது. அடிவரை போகிற நீள டியூப் சோடா வெளியே வரும் போஸ்டுக்கு, குட்டை டியூப் கேஸ் போஸ்டுக்கு. கேஸ் போஸ்டின் அறுகோண விளிம்பில் சின்ன வெட்டு இருக்கும், அதுதான் அடையாளம். மாற்றி மாட்டினால் குழாயைத் திறந்ததும் வெறும் கேஸ்தான் சீறும். மூட்டியவனுக்கு இந்த அடையாளம்கூடத் தெரியவில்லை.

அதில் உருப்படியாகத் தெரிந்த ஒன்றில் சோடா மிஷினுடைய சொந்த ரெகுலேட்டரை மாட்டி 30 வைத்துப் பார்த்தேன். சோப்பு நுரை அடித்ததில் குமிழி இல்லை. ஐஸ் பெட்டிக்குள் இறக்கி, கேஸை விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் சிலிண்டரைத் தராசில் வைத்தால், கழுத்தில் அடித்திருக்கிற காலி எடை அப்படியே நிற்கிறது. 5 கிலோ கேஸ் காலி. காய்ந்த ரப்பர் வெயிலில் பிடிக்கும், குளிரில் சுருங்கி விட்டுவிடும். இதற்குப் போன காசு அந்த 38,700-இல் சேராது. திண்ணையில் வைத்திருந்தேன், தப்பித்தேன். பூட்டிய அறையாக இருந்தால், கார்பன் டை ஆக்சைடு காற்றை விடக் கனம், தரையோடு தேங்கி நிற்கும். கீழே படுத்திருப்பவர் எழுந்திருக்க மாட்டார்.

இனி அவன் பதில்களைக் கேளுங்கள். முதல் நாள்: "செக் பண்ணிச் சொல்றேன் சார்." இரண்டாம் நாள்: "லாரியில அடி பட்டிருக்கும்." லாரியில் அடிபட்டு பிஎஸ்ஐ லிட்டராக மாறுமா? நாலாம் நாள்: "ஓரிங் தேய்ற சாமான், அதுக்கு வாரண்டி கெடையாது." ஆறாம் நாள்: "உங்க பின்கோடுக்கு ரிட்டர்ன் பிக்கப் இல்ல சார்." கொண்டு வந்து போட மட்டும் பின்கோடு தெரிந்தது. போலீசுக்குப் போவேன் என்றதும் குரலே மாறியது: "கெக்கு எதுக்குன்னு அவங்க கேப்பாங்க அண்ணே. பீர் போடுறீங்கன்னு வெளிய தெரிஞ்சா ஒங்களுக்குத்தான் கஷ்டம்." அதுவரை சார், அன்றைக்கு அண்ணன். தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், யார் இல்லை என்றது? உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கிச் சோடா விற்கிறவனுக்கு இதில் என்ன பயம்? பயமுறுத்தியே பணத்தை அமுக்குகிற இந்த வேலையை எத்தனை பேரிடம் செய்திருப்பானோ.

சந்தைக்காரர்கள் அதற்கும் மேல். "பணம் எங்கள் வழியாக வரவில்லை, விற்பவரிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரி. மறுபடி எழுதினால் அதே வரி. மூன்றாம் முறை 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ். 38,700 ரூபாய் எங்கே தீர்ந்தது?

சொன்ன வழிகாட்டியை முழுசாக எழுத மனசு இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

ஆப்புக்கு வெளியே பணம் போடாதீர்கள், இரண்டாயிரம் இல்லை, ஐயாயிரம் குறைத்தாலும். போட்டு ஏமாந்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் பேசுங்கள். நான் 'சொல்றேன் சார்' என்பதை நம்பி ஆறு நாள் கடத்தினேன். கடை மேல் புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, பில்லும் அவனோடு பேசிய சாட் மெசேஜும் எடுத்து வையுங்கள்.

பழைய கெக் வாங்கலாம், தப்பில்லை, பழைய விலைக்கு வாங்குங்கள். வந்த அன்றே ஐந்து ஓரிங்கையும் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டுங்கள். மூடியில் கேஸ் திறந்துவிடும் சேஃப்டி வால்வு வேலை செய்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். பிளீச்சிங் பவுடர் தண்ணீரை உள்ளே ஊறவைக்காதீர்கள், எவர்சில்வரைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். நம் உப்புக்காற்று வெளியிலிருந்து செய்வது போதாதா.

சிலிண்டரில் கேஜ் பார்த்து மீதியை மதிப்பிடாதீர்கள். உள்ளே திரவம் இருக்கும் வரை முள் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். எடைதான் கணக்கு. ஒரு கெக்குக்குக் கால் கிலோ முதல் 300 கிராம் வரை ஆகும். ஐந்து வருடச் சோதனைத் தேதி முத்திரை பார்க்காமல் சிலிண்டர் வாங்காதீர்கள். உணவுத் தர கேஸ் கேளுங்கள், வெல்டிங் கேஸ் வேண்டாம்.

தண்ணீரை 4 டிகிரிக்குக் குளிரவைத்துத்தான் 30 பிஎஸ்ஐ. தொட்டித் தண்ணீரை 32 டிகிரியில் அப்படியே ஊற்றி அதே 30 வைத்தால் பாதி கேஸ்கூடக் கரையாது, சப்பென்று இருக்கும். கெக்கை மூடியதும் கேஸ் ஏற்றி, சேஃப்டி வால்வை இழுத்து வெளியே விட்டு, இதை மூன்று முறை செய்து உள்காற்றை விரட்டுங்கள். இந்த ஆள் 'முழு செட்' என்று அனுப்பிய டியூப் மூன்றடி. சோடா அழுத்தத்துக்கு 5 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் 20 அடிக்கு மேல் வேண்டும், இல்லாவிட்டால் கிளாஸில் நுரைதான் விழும். கெக்கில் வெறும் சோடா மட்டும் அடையுங்கள், நன்னாரியும் எலுமிச்சையும் கிளாஸில் கலக்கட்டும். சர்பத்தோடு அடைத்து வெயிலில் விட்டால் புளித்துவிடும், பிறகு அந்த ஆள் சொன்ன பீர்க்காரர் நிஜமாகவே நாம்தான்.

நாலில் இரண்டு கெக் ஓரிங் மாற்றினால் தேறும் போலிருக்கிறது. மதுரை, தூத்துக்குடி பக்கம் அந்த அளவு மூடி ஓரிங், உணவுத் தர ரப்பரில், யாரிடம் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ரொக்கம் கொடுத்து நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.