நூல் கட்டிய குடைமிளகாய் நாற்றை வாங்காதீர்கள்

இராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், உச்சிப்புளி, பெருங்குளம் பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் குடைமிளகாய் நாற்று வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாசியில் 1,550 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். அந்தப் பணத்துக்கு அப்புறம் நான் ஊற்றிய தண்ணீருக்கும் பட்ட வெயிலுக்கும் கணக்கே இல்லை.

புதன்கிழமை தோறும் எங்கள் தெருவுக்கு ஒரு வேன் வரும். ரோஜா, செம்பருத்தி, கொய்யாக் கன்று எல்லாம் இருக்கும். அன்றைக்கு ஒலிபெருக்கியில் கலர் குடைமிளகாய் நாற்று என்றதும் ஓடிப் போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் தட்டுகளில் வரிசையாக நாற்று, ஒவ்வொன்றின் தண்டிலும் ஒரு நூல். "சிவப்பு நூல்னா சிவப்புக் காய், மஞ்சள் நூல்னா மஞ்சள் காய், பச்சைன்னா பச்சைக்கா. கடக்காத்து, உப்புத்தண்ணி எதுவும் இதை ஒண்ணும் செய்யாது. வருசம் பூரா காய்க்கும்" என்றார் வேனில் வந்தவர். கலர் நாற்று 45 ரூபாய், பச்சை 20 ரூபாய். சிவப்பில் எட்டு, மஞ்சளில் எட்டு, பச்சையில் நான்கு எடுத்தேன். உப்பை முறிக்கும் பொடி என்று இரண்டு கிலோ 300 ரூபாய்க்குக் கொடுத்தார். பறித்த காயை இரண்டு மாதம் கெடாமல் வைக்கும் பை என்று பத்துப் பை, 450 ரூபாய். பில் கேட்டேன். ஒரு சீட்டில் செல்போன் எண்ணை எழுதிக் கொடுத்தார். அதையே பில் மாதிரி மடித்து வைத்துக்கொண்டேன்.

நாற்றுகளில் பாதி அப்போதே பூத்திருந்தன. சீக்கிரம் காய்க்கும் என்று சந்தோஷப்பட்டேன். நடும்போது ஒன்றைத் தட்டிலிருந்து உருவினால், வேர் குழியின் வடிவத்திலேயே சுருண்டு, அடியில் பழுப்பாக ஒரு வளையம் கட்டியிருந்தது. தட்டில் இருக்க வேண்டிய காலத்தைத் தாண்டிய நாற்று அது. குடைமிளகாய் நாற்றை 35 முதல் 45 நாளுக்குள் எடுத்து நட்டுவிட வேண்டும். தட்டிலேயே பூத்த நாற்றை நட்டால் அது பெரும்பாலும் சரியாக வேர் விடாமல் குன்றி நிற்கும். என் இருபதில் மூன்று ஒரு வாரத்தில் போய்விட்டன.

இரண்டாவது வாரம் ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து அம்மா வந்தார். பிறந்த வீட்டில் எங்களுக்கு மிளகாய்க் காடுதான். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய இராமநாதபுரம் குண்டு மிளகாயை மழையை நம்பி விதைத்துப் பறித்தே வளர்ந்த குடும்பம். அம்மா தோட்டத்துக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, "என்னத்தா, மொளகாக் கன்னுக்கு எதுக்கு நூலு கட்டி வச்சிருக்க?" குடைமிளகாய் என்று சொன்னேன். அவர் குனிந்து ஓர் இலையை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு இரண்டு செடி தள்ளி இன்னொன்றைத் தேய்த்தார். "இது வேற, அது வேற. இந்த எலை மெலிசு, ஒடுக்கம். அந்த எலைதான் அகலமா, தடிப்பா இருக்கு." அப்படியே நடந்து போய் எண்ணினார். மிச்சமிருந்த பதினேழில் ஐந்துதான் அகல இலை.

அம்மா சொன்னது பிசகவில்லை. சித்திரைக் கடைசியில் காய் பிடித்தபோது ஒன்பது செடியில் எங்கள் ஊர்க் குண்டு மிளகாயே உருண்டையாகத் தொங்கியது. மூன்றில் பஜ்ஜி மிளகாய். சிவப்பு நூல், மஞ்சள் நூல் இரண்டிலும் இதே கதைதான். எங்கள் வீட்டுக் காட்டில் மூட்டை கணக்கில் விளைகிறதை 45 ரூபாய்க்கு ஒரு கன்றாக வாங்கி நட்டிருக்கிறேன் என்பது எவ்வளவு வலித்தது தெரியுமா?

வேன்காரர் சீட்டில் எழுதிக் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்தேன். "ஆரம்பத்துல சின்னதாத்தான்க்கா இருக்கும், போகப்போகப் பெருக்கும்" என்றார். உண்மையான ஐந்து செடியிலும் பூ பூத்துப் பூத்து உதிர்கிறதே என்று கேட்டேன். "உங்க மண்ணு சரியில்ல, தண்ணியை மாத்துங்க" என்றார். உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று சொன்னவரும் இவர்தான். மூன்றாவது முறை எடுக்கவே இல்லை. வேனும் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை.

பூ ஏன் உதிர்ந்தது என்பதை அப்புறம்தான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். குடைமிளகாய்க்குப் பகலில் 20 முதல் 25 டிகிரி இருந்தால் சுகம். பகல் 32ஐத் தாண்டி, இரவும் 24க்குக் கீழே இறங்காமல் போனால் பூ காயாகாது, காம்போடு விழும். நம் கடற்கரையில் சித்திரை, வைகாசியில் இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். கடல் பக்கத்தில் இருப்பதால் பகல் வெயில் கொஞ்சம் தணிவாகத் தெரியும், ஆனால் ராத்திரி சூடு இறங்காது. மாசியில் நட்டால் சரியாக அந்தச் சூட்டில்தான் பூக்கும். இது நாற்று விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்காது. நமக்குத் தோதான காலம் ஆவணி, புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தேங்காத மேட்டில் அல்லது பையில் நட்டு, மார்கழி, தை, மாசியில் பறிப்பது. கடைக்கு வரும் சிவப்பு, மஞ்சள் காய் பெரும்பாலும் ஓசூர், பெங்களூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் விளைவது. வருடம் முழுக்க இங்கே வெட்டவெளியில் காய்க்கும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடுங்கள்.

தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்தேன். எங்கள் போர் தண்ணீரின் மின் கடத்துதிறன், அதாவது தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு, 2.4 (dS/m) என்று வந்தது. குடைமிளகாய் உப்புத் தாங்காத பயிர். இந்த அளவு 1ஐத் தாண்டினாலே விளைச்சல் குறைய ஆரம்பிக்கும், 2.2க்கு முக்கால்வாசிதான் கிடைக்கும், 3.4க்குப் பாதிதான். அப்போது அந்தப் பொடி என்ன செய்யும்? ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினேன். கரையவில்லை, கொஞ்ச நேரத்தில் அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. தண்ணீரை வடித்துவிட்டு அந்த மண்டியில் எலுமிச்சைச் சாறு பிழிந்தேன். புசுபுசுவென்று நுரைத்துப் பொங்கியது. கோலமாவுக்குப் போடுகிற மாதிரியான சுண்ணாம்புக்கல் தூள். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை எந்தப் பொடியாலும் எடுக்க முடியாது. நல்ல தண்ணீர் விட்டு மண்ணிலிருந்து உப்பைக் கீழே இறக்குவது ஒன்றுதான் வழி.

அந்த ஐந்து செடியை மட்டும் விட மனசில்லை. மண்ணோடு பெயர்த்துப் பெரிய பைகளுக்கு மாற்றி, தென்னை நிழல் விழும் இடத்தில் வைத்து, நுனியைக் கிள்ளிவிட்டேன். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் பிடித்ததில் மிச்சமும் மழைத் தண்ணீரும்தான் ஊற்றினேன். ஆடிக் காற்றில் இலை மேல்நோக்கிச் சுருண்டது. அது இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்று அம்மா அடையாளம் சொல்லிக்கொடுத்தார். வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்துக் காப்பாற்றினோம். கார்த்திகையில் இரவு குளிர்ந்ததும் பூ உதிராமல் நின்றது. தையில் நான்கு கிலோ சொச்சம் பறித்தேன்.

அப்போதுதான் நூலின் ரகசியம் முழுசாகத் தெரிந்தது. ஐந்தில் இரண்டு மஞ்சள் நூல், ஒன்று சிவப்பு, இரண்டு பச்சை. பறிக்காமல் விட்ட காய் ஐந்து செடியிலுமே சிவப்பாகத்தான் பழுத்தது! பச்சைக் குடைமிளகாய் என்பது தனி ஜாதி கிடையாது, பழுக்காத காய். காய் முழு அளவு வந்தபின் இன்னும் இரண்டு, மூன்று வாரம் செடியிலேயே விட்டால் ரகத்தைப் பொறுத்துச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறும், இனிப்பும் கூடும். எனவே 20 ரூபாய்ப் பச்சை நாற்றும் 45 ரூபாய்ச் சிவப்பு நாற்றும் என்று ஒரே தட்டிலிருந்து பிரித்து விற்றது வெறும் நூலுக்கு வாங்கிய காசு. உண்மையான மஞ்சள் ரகம் இருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வீரிய ஒட்டு விதை, ஒரு விதையே சில ரூபாய் ஆகும். கடையில் வாங்கிய மஞ்சள் காயைப் பிளந்து விதை எடுத்துப் போட்டால் அதே காய் வரும் என்று நம்பவும் முடியாது. சிவப்பு போதும் என்றால் கலிபோர்னியா வொண்டர் என்ற பழைய ரகம் ஒட்டு விதை அல்ல, அதில் நாமே விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இனி, இரண்டு மாதம் காய் கெடாது என்று வேன்காரர் கொடுத்த அந்தப் பை. பறித்ததில் இரண்டு கிலோவை அவர் சொன்னபடியே பையில் போட்டு, காற்றை அமுக்கி, வாயைக் கட்டி அடுப்படி அலமாரியில் வைத்தேன். ஆறாம் நாள் பைக்குள் வேர்த்து நீர்முத்து உருண்டுகொண்டிருந்தது. பிரித்தால் புளித்த வாடை. காம்பைச் சுற்றிக் கறுத்து வெள்ளைப் பூஞ்சை, தொட்ட இடத்தில் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு மாதம் என்றது ஆறு நாள். சாதாரண பாலிதீன் கவர்தான், கடையில் இதே பத்துக் கவர் இருபது ரூபாய்க்குள் கிடைக்கும்.

மீதியைக் காப்பாற்றியது வேறு முறை. காயைப் பிய்க்காமல் கத்தரியால் காம்போடு வெட்ட வேண்டும், வெட்டியதைக் கழுவக் கூடாது. துணியால் ஒற்றிவிட்டு, ஓட்டை போட்ட கவரில் ஒரு காகிதத்தோடு போட்டு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தேன். 7 முதல் 10 டிகிரியில் பச்சைக் காய் இரண்டு, மூன்று வாரம் தாங்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் தோலில் குழி குழியாக விழுந்து அழுகும், ஆகவே ஃப்ரீசருக்கு ஒட்டிய மேல் தட்டு வேண்டாம். பழுத்த சிவப்புக் காயை முதலில் சமைத்துவிடுங்கள், அது அவ்வளவு நாள் நிற்காது. பல மாதம் வேண்டுமென்றால் விதை நீக்கி நீளமாக நறுக்கி, தட்டில் பரப்பி ஃப்ரீசரில் உறையவிட்டு, அப்புறம் டப்பாவில் கொட்டி வைக்கலாம். வெந்நீரில் போட்டு எடுக்கத் தேவையில்லை. மொறுமொறுப்பு போய்விடும், குருமாவுக்கும் ஃப்ரைடு ரைஸுக்கும் நன்றாகவே இருக்கும். குண்டு மிளகாய் மாதிரி களத்தில் முழுசாகக் காயப்போடலாம் என்று நினைக்காதீர்கள். சதை தடிப்பு, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். நம் கடல் காற்றின் ஈரத்தில் காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். எண்ணெயில் ஊறப்போட்டு வெளியில் வைப்பதும் ஆபத்து, நச்சுக் கிருமி வளரும்.

நாற்றோ விதையோ விற்கிறவரிடம் விதை விற்பனை உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். ரகத்தின் பெயர் எழுதிய பில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். நான் நுகர்வோர் உதவி எண் 1915ஐக் கூப்பிட்டபோது முதலில் கேட்டது பில்தான். என்னிடம் இருந்தது எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

இந்த மாசியிலும் நூல் கட்டிய தட்டுகளோடு ஒரு வேன் சுற்றுவதாகப் பக்கத்துத் தெரு அக்கா சொன்னார். ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் கோபத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட வேண்டாம். இலை அகலமாகவும் தடிப்பாகவும் இருக்கிற செடியை மட்டும் பைக்கு மாற்றி, இப்போது இருக்கும் பூவைக் கிள்ளிவிட்டு, நிழலில் வைத்து நல்ல தண்ணீர் ஊற்றி வாருங்கள். கார்த்திகை வரைக்கும் காயை எதிர்பார்க்காதீர்கள். ஒடுக்கமான இலைச் செடிகளும் இருக்கட்டும், குழம்புக்கு ஆகும்.