ஏஜேவி 8: வேகத்தில் குறையில்லை, விழிப்பு வேண்டியது ஆப்ஷன்களில்

நோட் சர்வருக்குள் வரும் ஜேசன் டேட்டாவை ஜேசன் ஸ்கீமாவோடு (டேட்டா எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் விதிப்பட்டியல்) ஒத்துப் பார்க்க ஏஜேவி லைப்ரரியைத்தான் பெரும்பாலோர் நாடுகிறார்கள். எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஃபாஸ்டிஃபை ஃப்ரேம்வொர்க்கில் உள்ளுக்குள் ஓடுவதும் இதுதான். சரியா தவறா என்று சொல்லும் வேலையில் இதைக் குறை சொல்ல முடியாது. வந்த டேட்டாவைத் திருத்தவும் செய்கிறேன் என்று அது கை நீட்டும் இடங்களில்தான் பிரச்சினை.

வேகத்துக்குக் காரணம் எளிது. மற்ற சில லைப்ரரிகள் ஒவ்வொரு முறையும் ஸ்கீமாவைப் படித்துக்கொண்டே சரிபார்க்கும். ஏஜேவி ஸ்கீமாவை ஒரே முறை படித்து, அதற்கென்றே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷனை எழுதித் தந்துவிடுகிறது. இதைத்தான் கம்பைல் என்கிறோம். அதனால் கம்பைல் செய்வது செலவான வேலை, சரிபார்ப்பது மலிவான வேலை. கம்பைலை ரிக்வெஸ்ட் ஹேண்ட்லருக்குள், அதாவது ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஓடும் ஃபங்ஷனுக்குள், எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. கம்பைல் செய்த ஃபங்ஷன்களை ஏஜேவி ஒரு கேஷில் சேர்த்து வைக்கும். ஏழாம் பதிப்பிலிருந்து அந்தக் கேஷின் சாவி ஸ்கீமா ஆப்ஜெக்ட்டேதான், அதன் உள்ளடக்கம் அல்ல. ஹேண்ட்லருக்குள் ஸ்கீமாவை அப்படியே எழுதினால், ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு புது ஆப்ஜெக்ட், அதற்கொரு புது ஃபங்ஷன் என்று மெமரி ஏறிக்கொண்டே போகும். ஸ்கீமாவும் கம்பைலும் ஃபைலின் மேல்மட்டத்தில் இருக்கட்டும்.

இப்படி ஓட்டத்தின் நடுவே புரோகிராம் கோடு உருவாக்குவதால் இன்னொரு விளைவும் உண்டு. கண்டென்ட் செக்யூரிட்டி பாலிசி (எந்தக் கோடு ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் விதி) கடுமையாக உள்ள பக்கத்திலோ, கிளவுட்ஃப்ளேரின் சர்வரில் கோடு ஓட்டும் வொர்க்கர்ஸில் ரிக்வெஸ்ட்டைக் கையாளும்போதோ கம்பைல் ஓடாது. அங்கே 'ஸ்டாண்ட்அலோன்' வசதியைப் பயன்படுத்தி, பில்டு செய்யும்போதே ஃபங்ஷனை ஃபைலாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறுவும்போதே முதல் தடுக்கல் வரலாம். கோடில் பிழை தேடும் ஈஎஸ்லின்ட் போன்ற கருவிகள் இன்னும் ஏஜேவியின் ஆறாம் பதிப்பைக் கூட்டி வருகின்றன. அது நோட் மாட்யூல்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்துகொண்டால், எட்டாம் பதிப்பை எதிர்பார்க்கும் துணைப் பேக்கேஜ்கள் 'கோட்ஜென் மாட்யூலைக் காணோம்' என்று விழும். எட்டாம் பதிப்பை உங்கள் பேக்கேஜ் ஃபைலில் நேரடியாகச் சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஈமெயில், தேதி போன்ற ஃபார்மட்டுகளும் இப்போது தனிப் பேக்கேஜ். அதைச் சேர்க்காமல் ஃபார்மட் என்று எழுதினால், கம்பைலின்போதே 'அறியாத ஃபார்மட்' என்று எரர் வரும். இது நல்ல குணம். ஸ்கீமாவையே கண்டிப்பாகச் சோதிக்கும் ஸ்ட்ரிக்ட் மோடு இயல்பாகவே போடப்பட்டிருப்பதால், கீவேர்டில் ஓர் எழுத்து பிசகினாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறது. தொல்லையாக இருக்கிறதென்று அதை அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் பிழையான கீவேர்டு சத்தமில்லாமல் விடுபட்டு, அதற்குரிய சரிபார்ப்பு நடக்காமலே போகும்.

தேதி-நேர ஃபார்மட்டில் டைம்ஜோன் கட்டாயம். பிரவுசரின் தேதி-நேர இன்புட் பெட்டி டைம்ஜோன் இல்லாமல்தான் மதிப்பைத் தரும், அதை அப்படியே அனுப்பினால் தோற்கும். டைம்ஜோன் விருப்பமாக இருக்க ஐஎஸ்ஓ என்று தொடங்கும் ஃபார்மட் இருக்கிறது. ஆனால் சர்வரில் சேமிக்கும் நேரத்துக்கு டைம்ஜோன் இருப்பதே நல்லது.

இனி, டேட்டாவைத் திருத்தும் அந்த ஆப்ஷன்கள். 'கோயர்ஸ் டைப்ஸ்' போட்டால், வந்த மதிப்பை ஸ்கீமா கேட்கும் வகைக்கு மாற்றிவிடும். யூஆர்எல்லில் வரும் பக்க எண் எப்போதும் ஸ்ட்ரிங்தான் என்பதால் அங்கே இது தேவை. ரிக்வெஸ்ட் பாடியில் இதே ஆப்ஷன் ஆபத்து. எண் இருக்க வேண்டிய இடத்தில் 'நல்' வந்தால் அதை 0 ஆக்கிவிடும், ட்ரூ வந்தால் 1 ஆக்கிவிடும். வெற்று ஸ்ட்ரிங் மட்டும் தோற்கும். ஆக, 'அளவு' என்ற பெட்டியை நிரப்பாத வாடிக்கையாளரின் ஆர்டர், ஃபிரண்ட்எண்டு எதை அனுப்புகிறது என்பதைப் பொறுத்து, பூஜ்ஜியமாகப் பதிவாகவோ நிராகரிக்கப்படவோ செய்யும். மினிமம் 1 என்று எழுதியிருந்தால் தப்பித்தீர்கள். யூஆர்எல் குவெரிக்கு ஒரு ஏஜேவி இன்ஸ்டன்ஸ், பாடிக்கு ஒரு இன்ஸ்டன்ஸ் என்று இரண்டு வைப்பதே சரி. ஃபாஸ்டிஃபையில் சரிபார்க்கும் ஃபங்ஷனை உருவாக்கும் வேலிடேட்டர் கம்பைலரை மாற்றினால், ரிக்வெஸ்ட்டின் எந்தப் பகுதி என்பது அதற்குத் தெரிவிக்கப்படும். அதைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம்.

'ரிமூவ் அடிஷனல்' அடுத்தது. கூடுதல் ஃபீல்டு வந்தால் எரர் வர வேண்டும் என்று எண்ணி 'அடிஷனல் ப்ராப்பர்ட்டீஸ் ஃபால்ஸ்' என்று எழுதுகிறோம். ஃபாஸ்டிஃபையில் இந்த ஆப்ஷன் இயல்பாகவே ட்ரூ என்பதால், எரர் வராது, ஃபீல்டு மட்டும் காணாமல் போகும். ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் என்னும் 'எனிஆஃப்'-க்குள் இரண்டு ஸ்கீமா வைத்து இரண்டிலும் ஃபால்ஸ் எழுதியிருந்தால் இன்னும் மோசம். முதல் கிளையைச் சோதிக்கும்போதே, இரண்டாம் கிளைக்குத் தேவையான ஃபீல்டுகள் அழிக்கப்பட்டுவிடும். பிறகு இரண்டாம் கிளையும் தோற்கும். சரியான டேட்டாவை அனுப்பியவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

தமிழ் டேட்டாவைக் கையாள்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். நீள வரம்பான 'மேக்ஸ் லெங்த்' எண்ணுவது யூனிகோடு குறியீட்டுப் புள்ளிகளை, நாம் எண்ணும் எழுத்துகளை அல்ல. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. பெயருக்கு 20 என்று வரம்பு வைத்தால் 'மீனாட்சிசுந்தரம்' என்ற ஒரு பெயருக்கே 16 போய்விடும், முதலெழுத்தும் அப்பா பெயரும் சேர்ந்தால் இடிக்கும். ஸ்ட்ரிங்கின் வடிவத்தை ரெஜெக்ஸால் சொல்லும் பேட்டர்னில் யூனிகோடின் 'லெட்டர்' வகையை மட்டும் அனுமதித்தால் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தடுக்கப்படும். 'மார்க்' வகையையும் சேர்த்தாக வேண்டும். ஒகர, ஓகாரக் குறிகளை ஒரே புள்ளியாகவும் எழுதலாம், இரண்டு புள்ளியாகவும் எழுதலாம். ஏஜேவி அவற்றை ஒன்றாக்காது. சரிபார்ப்புக்கு முன்பே நார்மலைஸ் செய்து, எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பேட்டர்னில் இன்னொன்று. தொடக்கக் குறி ^, முடிவுக் குறி $ இரண்டும் போடாவிட்டால், ஸ்ட்ரிங்கின் நடுவில் எங்கே பொருந்தினாலும் சரி என்றுவிடும். ஆறு இலக்கப் பின்கோடு கேட்ட இடத்தில் பத்து இலக்க செல்போன் எண் தாராளமாக நுழையும்.

எரர் செய்திகள் விவரமானவை, ஆனால் ஃபார்மில் காட்டுமுன் வேலை இருக்கிறது. விடுபட்ட ஃபீல்டுக்கு வரும் எரரில், பாதை அந்த ஃபீல்டைக் காட்டாது, அதன் தாய் ஆப்ஜெக்ட்டைத்தான் காட்டும். விடுபட்ட பெயர், எரரின் கூடுதல் விவரங்களைத் தாங்கும் பேராம்ஸுக்குள் இருக்கும். தமிழ்ச் செய்தி வேண்டுமென்றால், மெசேஜை மொழிபெயர்க்கப் போகாமல், கீவேர்டையும் பேராம்ஸையும் வைத்து நீங்களே வாக்கியம் அமைப்பது நல்லது. எரர் பட்டியல் அந்த ஃபங்ஷனின் மேலேயே தொங்குவதால், அடுத்த அழைப்பில் மாறிவிடும். வேறு வேலைக்காகக் காத்திருக்கும் அவெய்ட்டுக்கு முன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லா எரரையும் ஒருசேரக் காட்ட 'ஆல் எரர்ஸ்' உண்டு. வெளியுலகுக்குத் திறந்த ஏபிஐயில் அதைப் போட வேண்டாம். நீளம் மிஞ்சிய ஸ்ட்ரிங்கைக்கூட அங்கே நிறுத்தாமல், பேட்டர்ன்வரை ஓட்டிப் பார்க்கும். ஒரு கனமான ரெஜெக்ஸ் இருந்தால் சர்வரையே முடக்க அது போதும்.

உங்கள் ப்ராஜெக்ட் முழுக்க டைப்ஸ்கிரிப்ட்டில் எழுதப்பட்டு, வேறு மொழி எதுவும் அந்த ஸ்கீமாவைத் தொடப்போவதில்லை என்றால், இதே வேலையைச் செய்யும் இன்னொரு லைப்ரரியான ஸாட் வசதியானது. டைப்பை அதுவே ஊகித்துத் தரும், ஏஜேவியின் டைப் உதவியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அதே ஸ்கீமாவைப் பைத்தானும், ஏபிஐயை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ ஆவணமும் படிக்க வேண்டுமென்றால் ஏஜேவிதான். ஓப்பன்ஏபிஐ 3.1 பின்பற்றுவது ஜேசன் ஸ்கீமாவின் 2020-12 வரைவை. ஏஜேவியில் அதற்குத் தனி இம்போர்ட் பாதை இருக்கிறது, சாதாரண இம்போர்ட் அதற்கு முந்தைய வரைவான ட்ராஃப்ட் 7-ஐத்தான் தரும்.