வண்டி மாறினால் காசு மிச்சமா? கௌட்ரெயினும் மைசிட்டியும்

ஜோகன்னஸ்பர்க்கில் வேலை, கேப் டவுனில் பெரியம்மா வீடு. அதனால் என் பர்ஸில் எப்போதும் இரண்டு அட்டைகள்: ஜோகன்னஸ்பர்க்கின் கௌட்ரெயின் ரயிலுக்கு ஒன்று, கேப் டவுனின் மைசிட்டி பேருந்துக்கு ஒன்று.

கௌட்ரெயின் கணக்கு எளிது. ரயிலுக்குத் தனிக் கட்டணம், இணைப்புப் பேருந்துக்குத் தனிக் கட்டணம். ஆனால் அதே அட்டையோடு ரயிலை விட்டு இறங்கி உரிய நேரத்துக்குள் பேருந்தில் ஏறினால், பேருந்துக் கட்டணம் குறையும். பேருந்தில் மட்டும் போகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. ரயிலில் உட்கார வைக்கத்தான் பேருந்தில் விட்டுக்கொடுக்கிறார்கள்!

மைசிட்டியில் வண்டி மாறுவதற்கென்று தனித் 'தள்ளுபடி' கிடையாது, ஆனாலும் மிச்சம் ஆகும். தூரத்துக்குத்தான் காசு. டேபிள் வியூவில் ஏறி, சிவிக் சென்டரில் இறங்கி, கார்டன்ஸ் பக்கம் போகும் வண்டியில் 45 நிமிடத்துக்குள் ஏறினால், இரண்டும் ஒரே பயணம். புதிதாக முதல் கிலோமீட்டரிலிருந்து எண்ணமாட்டார்கள். தூரம் கூடக் கூட, கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறைகிறது. நீண்ட பயணிக்கு அதுதான் லாபம்.

ஒரே சிக்கல், இறங்கும்போதும் அட்டையைத் தட்டியாக வேண்டும். பெரியம்மா ஒருமுறை கையில் கறிவேப்பிலைக் கட்டு, தோளில் பை, பேச்சு மும்முரத்தில் தட்டாமலே இறங்கிவிட்டார். அபராதம் மாதிரி கூடுதலாகப் பிடித்துவிட்டது. "வீட்டுச் சாவியை மறந்தாலும் இதை மறக்காதேடா" என்கிறார் இப்போது.

எனக்குப் பிடித்தது மைசிட்டி முறைதான். ஆனால் ஜோகன்னஸ்பர்க்கின் சாண்ட்டனுக்குத் தினம் போகிறவன் ரயிலைத்தானே பிடிக்க முடியும்?