ட்ரிட்டியம் கசிஞ்சா என்ன பண்றது: சிம்னி வழியா வெளிய விடுறதா, உள்ளயே பூட்டிப் பிடிக்கிறதா?

அம்மோனியா கசிஞ்சா ஈரத்துணிய மூக்குல வச்சிக்கோன்னு எங்க எண்ணூர் பக்கம் சின்ன பசங்களுக்கே தெரியும், 2023 டிசம்பர் 26 ராத்திரிய பெரியகுப்பத்துல யாரும் மறக்கல. அம்மோனியா தண்ணில கரையும், மூக்குக்கும் உடனே தெரியும். ஃபியூஷன் உலைல (அணுக்கள ஒண்ணா சேத்து சக்தி எடுக்கற உலை) எரிபொருளா போற ட்ரிட்டியம் அப்டி இல்ல, அது கதிர்வீச்சு விடற ஒரு வகை ஹைட்ரஜன், வாசனை கெடையாது, வாயுவா இருக்கறப்போ தண்ணில நிக்காது, ஹெப்பா ஃபில்டர் போட்டாலும் தூசி மட்டும்தான் நிக்கும், இது பாட்டுக்கு போய்டும்.

அதனால ரூம்ல கசிஞ்சா மொதல் வழி, ஃபேன வேகமா ஓடவிட்டு நெறைய காத்தோட கலந்து உசரமான சிம்னில அனுப்பிடறது. கேக்கவே கோவம் வரும், எங்க ஊர்ல சிம்னிய பாத்தே வளந்தவங்க நாங்க. ஆனா இதுலயும் ஒரு நியாயம் இருக்கு, வாயுவா இருக்கற ட்ரிட்டியத்த மூச்சுல இழுத்தாலும் ஒடம்பு பெருசா ஏத்துக்காது, அதுவே ஆக்சிஜனோட சேந்து தண்ணியாயிட்டா அதே அளவுக்கு சுமார் பத்தாயிரம் மடங்கு கதிர்வீச்சு டோஸ், மூச்சு வழியா மட்டுமில்ல தோல் வழியாவும் உள்ள போகும்.

ரெண்டாவது வழி இந்த ஆபத்த தெரிஞ்சே கையில எடுக்குது. அலாரம் அடிச்சதும் சாதா வென்டிலேஷன மூடி, ரூம வெளிய இருக்கறத விட கொஞ்சம் கம்மி அழுத்தத்துல வச்சு (சந்து இருந்தா வெளிக்காத்து உள்ள வருமே தவிர உள்ள இருக்கறது வெளிய வராது), அந்த காத்த கேட்டலிஸ்ட் (வேதி மாத்தத்த வேகப்படுத்தற பொருள்) வழியா விட்டு ட்ரிட்டியத்த வேணும்னே தண்ணியாக்கி, மாலிகுலர் சீவ்னு சொல்ற உறிஞ்சுற மணிங்கள்ல பிடிக்கறாங்க. மாத்தற வேலை நடந்து பிடிக்கற வேலை கோட்ட விட்டா சும்மா இருந்தத விஷமாக்கி அனுப்புன மாதிரி. அதுலயும் அந்த மணி ட்ரிட்டியம் தண்ணி, சாதா ஈரம்னு பிரிச்சு பாக்காது, மொத்தத்தையும் உறிஞ்சும், நம்ம கடலோர புழுக்கத்துல எவ்ளோ சீக்கிரம் ரொம்பிடும்னு யோசிங்க, ரொம்புனா சூடு பண்ணி காய வைக்கணும், அதுக்குள்ள வால்வு திருப்பி மணி ரொப்புன அடுத்த டவருக்கு மாத்தணும், அந்த வால்வு மாட்டிக்கிட்டா?

ஃபிரான்ஸ்ல பல நாடுங்க சேந்து கட்டற ஈட்டர் (ITER) ஃபியூஷன் உலைல இதுக்குத்தான் மூணாவது வழி, ஸ்க்ரப்பர். கேட்டலிஸ்ட் வரைக்கும் அதே கதைதான், அதுக்கப்புறம் காத்து கீழேந்து மேல போக சுத்தமான தண்ணி மேலேந்து எறங்கி ட்ரிட்டியம் ஆவிய தன்னோட எடுத்துக்கும். ரொம்பறதுன்ற பேச்சே இல்ல, அடிக்கடி திருப்பற வால்வும் இல்ல, தண்ணி வந்துக்கிட்டே இருந்தா போதும், பெரிய ஹால் முழுக்க கசிஞ்சா இதான் தாங்கும். அங்க நாலு கிலோ வரைக்கும் ட்ரிட்டியம் வச்சிக்கலாம், அந்த அளவுக்கு நான் ஸ்க்ரப்பர் பக்கம்தான், சின்ன க்ளோவ்பாக்ஸுக்கு (கையுறை வழியா உள்ள கைய விட்டு வேலை செய்யற மூடுன பெட்டி) மணி டவரே போதும்.

ஆனா ஸ்க்ரப்பர்ல தண்ணி நெறைய சேரும், அத மின்சாரத்தால பிரிச்சு ட்ரிட்டியத்த திரும்ப எடுக்க தனியா ஒரு ப்ளான்ட் வேணும். அந்த ப்ளான்ட் காகிதத்துல மட்டும் இருந்தா மூணாவது வழிய நான் ஒத்துக்க மாட்டேன், கொசஸ்தலையாத்துல சாம்பல் தண்ணி வந்து கலந்தத பாத்த ஊரு இது.