கார்னபி தெருவுக்கு வந்த இரண்டு வெள்ளந்திகள்

'ஸ்மாஷிங் டைம்' படத்தை நேற்று ராத்திரி மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். 1967-ல் வந்த பிரிட்டிஷ் படம், இயக்கம் டெஸ்மண்ட் டேவிஸ். வட இங்கிலாந்திலிருந்து ரயிலேறி, அன்றைய ஃபேஷன் கடைகளுக்குப் பேர்போன கார்னபி தெருவைத் தேடி லண்டன் வரும் இரண்டு பெண்கள், பிரெண்டாவும் இவோனும். வந்த சூட்டிலேயே பணம் பறிபோகிறது. சாப்பிட்டதற்குக் காசில்லாமல் பிரெண்டா பாத்திரம் கழுவுகிறாள்.

பிரெண்டாவாக வரும் ரீட்டா துஷிங்ஹாமின் அந்தப் பெரிய கண்களுக்காகவே பார்க்கலாம். லின் ரெட்கிரேவ் வாயாடி இவோனாக வந்து வீடே அதிரக் கத்துகிறார். இரண்டு வரி பாடத் தெரியாதவளைப் பாப் பாடகியாக்கிவிடும் பகுதி இன்றைக்கும் சுருக்கென்று தைக்கிறது. திரைக்கதை எழுதிய ஜார்ஜ் மெல்லி ஜாஸ் பாடகர், அந்த உலகம் அவருக்கு அத்துப்படி.

ஒருவர்மேல் ஒருவர் 'பை' (pie) பலகாரத்தை வீசும் சண்டைதான் ஜவ்வு. முதல் நிமிடம் சிரித்தேன், அப்புறம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். ஆனால் கடைசியில் போஸ்ட் ஆபீஸ் கோபுரத்தின் சுழலும் உணவகம் தறிகெட்டுச் சுற்றி, ஊரே இருளில் மூழ்கும்போது எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். ஐந்துக்கு மூன்றரை. அரை மதிப்பெண் துஷிங்ஹாமின் கண்களுக்கு.