லோரோங் கூலிட் சந்தை: கவருக்கு முன்னால் உள்வளையத்தைப் பாருங்கள்

மலேசியாவின் பினாங்கில் ரெக்கார்டு தேடுகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைதான். ஜார்ஜ் டவுன் நகர விளையாட்டரங்கத்தை ஒட்டி, காலையில் கூடுகிற சந்தை. ரோப் வாக் என்று பேர்போன பிந்தால் தாலி சாலையில் கடை விரித்தவர்கள் பிறகு இங்கே வந்து சேர்ந்தார்கள். பழைய கைக்கடிகாரம், நாணயம், ஸ்பேனர், மின்விசிறி எல்லாவற்றுக்கும் நடுவே அட்டைப்பெட்டிகளில் ரெக்கார்டும் கேசட்டும் கிடக்கும். விலைச் சீட்டு கிடையாது. தரம் பிரித்து வைக்கிற வழக்கமும் கிடையாது. கழுவித் துடைத்து உறை போட்ட இசைத்தட்டுதான் வேண்டும் என்றால் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தைக்குப் போய்விடலாம்.

லோரோங் கூலிட்டின் அருமை வேறு. கடைக்கு வராமல் கைக்குக் கை மாறிய ஒலிப்பதிவுகள் இங்கே ஒதுங்குகின்றன. பங்க் ராக் குழுக்கள் தாங்களே பதித்த கேசட், உறுமி மேளக் குழுவின் பதிவு, யாரோ கச்சேரியில் உட்கார்ந்து எடுத்த டேப், வெள்ளை உறையில் பூட்லெக். இவற்றுக்காக இந்தச் சந்தையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம்.

வாங்கும் முன் ஒரு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஆல்பத்தை அப்படியே நகலெடுத்து விற்றால் அது கள்ளப் பதிப்பு. ரெக்கார்டு கம்பெனி வெளியிடாத பதிவை வெளியார் தட்டாக்கினால் அது பூட்லெக். முதலாவதைத் தொடவே வேண்டாம். ஒலி மட்டமாக இருக்கும், புதிதாக எதுவும் இருக்காது. இரண்டாவதில்தான் சரித்திரம் இருக்கிறது. 1969-இல் வந்த ‘கிரேட் வைட் வொண்டர்’ அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் வெளிவராத பதிவுகளை இரண்டு தட்டுகளில், வெறும் வெள்ளை உறையில், ரப்பர் முத்திரை குத்தி விற்றது. பிரிட்டிஷ் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் ‘ஸ்பங்க்’ 1977-இல் அவர்களுடைய அதிகாரபூர்வ ஆல்பத்துக்கு முன்பே வெளியானது. போட்டவர் உரிமை கோர முடியாத சரக்கு என்பதால் பூட்லெக்கையே மறுபடி நகலெடுக்கிறார்கள். ஆகவே வெள்ளை உறையைப் பார்த்தவுடன் முதல் பதிப்பு என்று பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பார்க்க வேண்டியது உள்வளையம். அதாவது, பாட்டு முடிந்து லேபல் தொடங்கும் முன் உள்ள வெற்று இடம். அதில் தட்டின் எண் பொறித்திருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள். பெரிய கம்பெனித் தட்டில் லேபல் எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பு இருக்கும். பல ஆலைகளில் அச்சு எழுத்தாகவே இருக்கும். அந்தக் கம்பெனிப் பெயரைப் போட்டுக்கொண்டு, எண் ஒட்டாமல், ஊசியால் கீறியதுபோல் கோணலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். லேபலின் சிறு எழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். படம் பிடித்து மறுபடி அச்சடித்ததில் எழுத்தின் ஓரம் புள்ளிபுள்ளியாகச் சிதறியிருக்கும்.

அடுத்து, தட்டை வெயிலுக்குச் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் ‘டக் டக்’ என்று கேட்கும்; தட்டுப்படாத மயிரிழைக் கோடு பெரும்பாலும் தொல்லை தராது. வெண்மையாக ஏதாவது படிந்திருந்தால் ஈரத்துணியால் ஓரத்தில் துடையுங்கள். புள்ளியாகவோ நூலாகவோ இருந்து துடைத்ததும் போனால் பூஞ்சணம், கழுவிக்கொள்ளலாம். உறையின் சுருக்க வடிவத்திலேயே மங்கலாகப் படிந்து துடைத்தும் போகாவிட்டால் பி.வி.சி. பிளாஸ்டிக் உறை கசிந்து தட்டைக் கெடுத்திருக்கிறது. அதற்கு மருந்து இல்லை, ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் போகாது. பினாங்கின் ஈரக் காற்றில் இரண்டுமே சகஜம்.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய ஷெல்லாக் (அரக்கு) தட்டுகள் தனி இனம். கல்கத்தா டம்டம் ஆலையில் அழுத்திய இந்தியத் தட்டுகள் எதிர்ப்பட்டால், மண்சட்டி வாங்குவதுபோல் விரல் கணுவால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் முழுசு, மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல். இவற்றுக்கு ஏறத்தாழ 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி வேண்டும். எல்.பி. எனும் வினைல் தட்டுக்கான ஊசி 1 மில்லுக்கும் கீழே. அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் உழும். பினாங்கில் பிறந்த பாடகர், நடிகர் பி. ரம்லியின் ஏழு அங்குல பார்லோஃபோன் கம்பெனித் தட்டுக்குப் பேரம் அதிகம் படியாது, பெயருக்கே விலை.

கேசட்டுக்குத்தான் நிதானம் தேவை, ஏனென்றால் நல்ல சரக்கு அதில்தான் இருக்கிறது. உறுமிக் குழுவும் பங்க் குழுவும் ஒரே வழியில்தான் கேசட் போட்டார்கள்: சொந்தப் பணம், சொந்தக் கை, ஜெராக்ஸ் அட்டை. 1991-இல் தொடங்கிய கோலாலம்பூரின் கார்பரேட்டர் டங் போன்ற பங்க் குழுக்களைச் சுற்றி வளர்ந்த கூட்டம் கேசட்டையும் கையெழுத்து இதழையும் நம்பியே பரவியது. எனவே அட்டை அழகாக இல்லை என்று ஒதுக்காதீர்கள். கண்ணாடி வழியே சுருளைப் பாருங்கள். நாடா விளிம்பில் வெள்ளைப் பொடி இருந்தால் பூஞ்சணம். அதைப் பிளேயரில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நாடா வெளியே தெரியும் கீழ்வாயின் நடுவே செம்புத் தகட்டில் ஒட்டிய சிறு கம்பளித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். வெப்பத்தில் பசை காய்ந்து அது விழுந்துவிடும். விழுந்தால் கூர்மையான ஒலி போய், சத்தம் ஏறி இறங்கும். கேசட்டை வீச வேண்டாம். ஐந்து திருகு உள்ள பழைய கூடொன்றைத் திறந்து, நாடாவை அதற்கு மாற்றினால் போதும். ஒட்டிய கூடாக இருந்தால் பிளேடால் விளிம்பை நெம்ப வேண்டியிருக்கும். பின்விளிம்பின் இரண்டு பிளாஸ்டிக் பல்லும் உடையாமல் இருந்தால் உடனே உடையுங்கள். தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினால் வேறெங்கும் இல்லாத பதிவு அழிந்துவிடும்.

வீட்டில் முதலில் ஒருமுறை முழுக்க ஓட்டிச் சுருட்டிவிட்டு அப்புறம் போடுங்கள். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானை நிறுத்துங்கள். ஒலி மந்தமாக இருந்தால் ஹெட்டின் பக்கத்துச் சிறு திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கூர்மை எங்கே அதிகமோ அங்கே நிறுத்துங்கள். பழைய நிலையை முன்பே குறித்து வையுங்கள். வேகம் சரிதானா என்று பார்க்க, ஆர்மோனியம் கேட்கும் பாட்டு நல்ல அளவுகோல், அதன் சுரம் மாறாது. அரை சுரம் மேலே போனால் நாடா ஏறக்குறைய 6 விழுக்காடு வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம்.

எல்.பி. கழுவ நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீர், ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால். 78 தட்டில் ஆல்கஹால் ஒரு துளியும் படக்கூடாது, ஷெல்லாக் கரைந்துவிடும். அதற்கு நீரும் இரண்டு சொட்டு பாத்திர சோப்பும் போதும்.

பேரம் பேசும்போது ஒன்றை மட்டும் கையில் எடுத்து விலை கேட்காதீர்கள். ஐந்தாறைச் சேர்த்துக் கொடுத்து, “போலே குராங், அங்கிள்?” (குறைக்க முடியுமா?) என்று கேட்டால் சில வெள்ளியாவது (ரிங்கிட்) குறையும். வெயில் ஏறினால் தார்ப்பாயில் கிடக்கும் தட்டு வளைந்துவிடும் என்பதால் சீக்கிரமே போய்விடுங்கள். வாங்கியதைக் காரில் போட்டுப் பூட்டிவிட்டு நாசி கண்டார் சாப்பிட உட்காராதீர்கள். பூட்டிய காரின் சூட்டில் எல்.பி. நெளிந்துவிடும். பையையும் கடைக்குள் கொண்டுபோய் நாற்காலியில் நிமிர்த்தி வையுங்கள்.